இரும்பு எந்தப் பக்கம் போகிறது: காஞ்சிபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காஞ்சிபுரம் போவது பற்றி எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். எந்தக் கோயிலை முதலில் பார்ப்பது, எந்தக் கடையில் பட்டு எடுப்பது. இரண்டுக்கும் என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்த ஊருக்கு முதன்முதலாகப் போனபோது கோயிலும் என் திட்டத்தில் இல்லை, புடவையும் இல்லை. என் மடியில் கணினி அச்சடித்த தாள் கட்டு ஒன்று இருந்தது. அதற்குள் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் என் மண்டைக்குள் இருந்தது.

அது எழுபதுகளின் கடைசி. மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. வெயில் இன்னும் முழுசாக ஏறாத, பயணத்துக்குத் தோதான நாட்கள்.

ஏன் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், ஒரு பத்தி இரண்டு பத்திதான்.

சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ஐந்து பேர் கொண்ட குழுவில் நான் ஒருத்தி. சூரியனுக்குள் நடப்பதை, அதாவது ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வெப்பம் தருவதை, பூமியில் ஒரு கலத்துக்குள் நடத்திக் காட்ட உலகத்தில் பல நாடுகள் முயன்றுகொண்டிருந்த காலம் அது. வாயுவைச் சில கோடி டிகிரிக்குச் சூடாக்கினால் அது பிளாஸ்மா என்ற நிலைக்குப் போய்விடும். அந்தச் சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காது. அதனால் மெதுவடை வடிவத்தில் ஒரு கலம் செய்து, சுற்றிலும் காந்தம் வைத்து, பிளாஸ்மாவை அந்தரத்தில் நிறுத்துவார்கள். வம்பெல்லாம் ஓரத்தில்தான். எவ்வளவு காந்தம் வைத்தாலும் பிளாஸ்மாவின் விளிம்பு எங்காவது உலோகத்தைத் தொட்டே தீரும். தொட்ட இடத்தில் இரும்பு அணுக்கள் தெறிக்கும். அவை உள்ளே புகுந்தால் சூட்டையெல்லாம் ஒளியாக வெளியே கொட்டிவிட்டு அடுப்பையே அணைத்துவிடும். நிறைய வேண்டியதில்லை. பாலில் விழுந்த மோர் மாதிரி, துளி போதும்.

தெறித்த இரும்பு உள்ளே போகுமா, வெளியே தள்ளப்படுமா என்பதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. விளிம்பில் அந்த இரும்பை இரண்டு சக்திகள் இழுக்கின்றன. ஹைட்ரஜன் ஒரு காற்றைப்போல உலோகச் சுவரை நோக்கி ஓடும். போகிற போக்கில் இரும்பையும் சுவருக்கே திருப்பித் தள்ளும். ஆனால் சூடான பக்கம் இரும்பை உள்நோக்கி இழுக்கும். இந்த இரண்டில் எது ஜெயிக்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் கணினி ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொன்னது: இரும்பு உள்ளே போகிறது, அடுப்பு அணைகிறது.

எங்கள் குழுத் தலைவர் ராமநாதன் சார் அந்த ஞாயிறு இரவு டில்லிக்கு ரயில் ஏற வேண்டும். புதன்கிழமை அங்கே ஒரு கூட்டம். நம் நாட்டில் இப்படி ஒரு சின்ன யந்திரம் கட்டலாமா என்று அதில் பேசப்போகிறார்கள். "நம்ம கணக்கு வேண்டாம்னு சொல்லுது. நான் போய் வேற என்ன சொல்ல முடியும்?" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். பதினைந்து வருஷமாக அந்த யந்திரத்தைப் பற்றிப் பேசிப் பேசியே எங்களையெல்லாம் இந்தத் துறைக்கு இழுத்தவர் அவர்.

எனக்கு அந்தப் பதில் ஒட்டவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கே கடைசியாக ஒரு சோதனை ஓட்டம் கேட்டு வாங்கினேன். வெப்ப இழுப்பை அடியோடு நீக்கிவிட்டு, ஹைட்ரஜன் காற்றை மட்டும் வைத்து ஒரு ஓட்டம். தாள் கட்டு என் கைக்கு வந்தபோது கணினி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

கணினி நிரலில் கலத்தின் உள்பகுதிக்கான கணக்கை எழுதியது நான். விளிம்புப் பகுதியை எழுதியவள் மெஹருன்னிசா. கணினி அறையில் என்னைவிட ஒரு வருஷம் மூத்தவள், என் சிநேகிதி, காஞ்சிபுரத்துக்காரி. அக்காவின் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். அவள் அப்பாவின் கடையில் டெலிபோன் உண்டு. ஆனால் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து கிடைக்கும் மூன்று நிமிட டிரங்க் காலில் இருநூறு பக்கத்து எண்களை எப்படிச் சொல்ல முடியும்? நேரே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

எழும்பூரில் காலை ரயில் பிடித்து செங்கல்பட்டு, ஐம்பத்தாறு கிலோமீட்டர். அங்கே வண்டி மாற வேண்டும். அரக்கோணம் போகிற மீட்டர்கேஜ் வண்டி, புகை கக்கும் எஞ்சின். அதில் இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டுக்கும் சேர்த்து மூன்று ரூபாய்க்குள்தான் டிக்கெட். பஸ்ஸில் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் அந்தத் தாள் கட்டை மடியில் விரிக்க ரயில்தான் வசதி.

விரித்துப் பார்த்ததில் பெரிய பயன் இல்லை. தாள் ஒன்றோடொன்று ஒட்டிய மடிப்புத் தாள். ஒரு பக்கத்தைத் திறந்தால் நாலு பக்கம் சரிந்து விழும். பாலூர் தாண்டியதும் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த மாகறல்காரர் ஒருவர் குனிந்து, விழுந்த முனையை எடுத்துக் கொடுத்தார். மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார்.

"இன்னாமா இது, கரண்டு ஆபீஸ் கணக்கா?" என்றார்.

"இல்லீங்க, ஆராய்ச்சி. இரும்பு எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கறோம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்கூர்ல எல்லாம் பாலாத்துப் பக்கம்தான் போவுது," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது.

வாலாஜாபாத்தில் கூட்டம் ஏறி, காஞ்சிபுரத்தில் இறங்கும்போது உச்சி வெயில். ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா. மெஹர் சொல்லியிருந்த, அவள் அப்பாவின் சரிகைக் கடையின் அடையாளத்தைச் சொன்னதும், "கரீம் பாய் ஊடா? கல்யாண ஊட்டுக்கு வந்துக்கினு கையில பேப்பர் கட்டோட வர்றீங்களேமா," என்றார் ரிக்‌ஷாக்காரர். முக்கால் ரூபாய் கேட்டார், கொடுத்தேன். வழியெல்லாம் தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். ரிக்‌ஷா ஒவ்வொரு தெரு முனையிலும் நின்று நின்று போயிற்று.

நிக்காஹ் வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தது. அன்றைக்கு விருந்து. கடை முன்னால், வீடு பின்னால், இரண்டுக்கும் நடுவே முற்றம். முற்றம் முழுக்க ஆட்கள். மெஹர் பச்சைப் பட்டில், கை நிறைய மருதாணியோடு, ஒரு தட்டில் சோற்றை ஏந்திக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ கல்யாணத்துக்கு வரலைன்னு நான் கோவமா இருந்தேன்பா," என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "ஓ. கல்யாணத்துக்கு வரல."

"சார் நாளைக்கு ராத்திரி கிளம்பறார் மெஹர்."

"முதல்ல சாப்டு."

அவள் அப்பா கரீம் பாய் உயரமான மனிதர். வெள்ளை ஜிப்பா, காதோரம் மட்டும் நரை. "வா பேட்டி, வா. மெட்ராஸ்லருந்து தனியாவா வந்துக்கினே?" என்று, மெஹரைக் கூப்பிடுவதுபோல என்னையும் மகளே என்று அழைத்துக் கேட்டுவிட்டு, நான் அசைவம் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும் உள்ளே திரும்பி உருதுவில் ஏதோ உத்தரவு போட்டார். நெய்ச்சோறும் எண்ணெய்க் கத்திரிக்காயும் தனியாக வந்தன. அந்தக் கத்திரிக்காயின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. விருந்து நேரத்தில் காஞ்சிபுரத்தில் யார் வீட்டுக்காவது போகும் பாக்கியம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்று வேலை ஓடவே இல்லை. உட்கார இடமில்லை. தாளை விரித்த இடத்திலெல்லாம் ஒரு குழந்தை நடந்தது. மெஹரின் அம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "இந்த நம்பருக்காகவா நீ மாசக்கணக்கா ஊட்டுக்கு வர மாட்டேங்கறே?" என்று மகளிடம் கேட்டார். அதில் கோபம் இல்லை, ஆனால் கேள்வி நிஜமான கேள்வி. மெஹர் தாளை மடித்தாள்.

"நாளைக்குக் காலைல பருத்திக்குன்றம் போயிடலாம். அங்க பெரிய மண்டபம் இருக்குது, ஆளே இருக்க மாட்டாங்க. கட்டு மொத்தத்தையும் நீட்டிப் போட்டுப் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடித்துக்கொண்டு ரிக்‌ஷாவில் கிளம்பினோம். திருப்பருத்திக்குன்றம் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். வேகவதியைத் தாண்டியதும் பட்டுத் தறிச் சத்தம் போய், வயலும் பனையும் வந்துவிடும். காத்திருந்து திரும்பக் கொண்டுவிட ஐந்து ரூபாய் பேசினோம். அங்கே இருப்பவை பழைய சமணக் கோயில்கள். ஊரில் இன்னும் சமணக் குடும்பங்கள் வசிக்கின்றன. அவர்களில் ஒருவரான, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் நயினார் சாவியை இடுப்பில் செருகியபடி வந்து கதவைத் திறந்துவிட்டார். மண்டபத்து மேற்கூரை முழுவதும் ஓவியம். சிவப்பும் மஞ்சளுமாக யானைகள், ஊர்வலம், மன்னர்கள், நடனமாடும் பெண்கள். கழுத்து வலிக்கும் வரை பார்க்க வேண்டிய கூரை. நான் அன்றைக்குப் பார்த்தது தரையை மட்டும்தான்.

சோதனை ஓட்டத்தின் தாளை மண்டபத்தின் ஒரு கோடியில் தொடங்கி மறு கோடி வரை நீட்டினோம். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஓரங்களில் எங்கள் செருப்பை வைக்கப் போனோம். நயினார் தடுத்தார்.

"செருப்பெல்லாம் வெளியே இருக்கட்டும்மா. நான் கல்லு எடுத்தாந்து தர்றேன்."

கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். மெஹர் ஒரு கோடியிலிருந்தும் நான் மறு கோடியிலிருந்தும் முழங்காலிட்டு நகர்ந்தபடி எண்களைப் படித்தோம். ஒவ்வொரு பக்கமும் பிளாஸ்மாவின் ஒரு கணம். தாளின் இடது ஓரம் கலத்தின் நடு, வலது ஓரம் உலோகச் சுவர். நடுவில் இருக்கும் இரும்பின் அளவு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறிக்கொண்டே போயிற்று. நிதானமாக, பிசகாமல், ஏறிக்கொண்டே.

பாதித் தூரத்தில் இருவரும் சந்தித்தோம். மெஹர் எழுந்து உட்கார்ந்தாள்.

"இது எந்த ரன்னு? சூடு இழுக்கறத எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். காத்து மட்டும்தான்."

"காத்து சுவத்தப் பாத்துதானே அடிக்குது?"

"ஆமா."

"அப்ப இரும்பு எதிர்க்காத்துல எப்படிப்பா உள்ள போகுது?"

எனக்கு ஒட்டாமல் இருந்தது இதுதான். வெப்ப இழுப்பு ஜெயிக்கிறது என்றுதான் இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது அந்த இழுப்பே இல்லை, ஆனாலும் இரும்பு உள்ளே போகிறது. அப்படியானால் உள்ளே தள்ளுவது காற்று. வெளியே தள்ள வேண்டிய காற்றே உள்ளே தள்ளுகிறது.

மெஹர் கட்டின் கடைசியில் அச்சாகியிருந்த தன் பகுதியின் நிரல் வரிகளை எடுத்தாள். விரலை வைத்துப் படித்தாள். என் பகுதியை நான் எடுத்தேன். இருவர் எழுதியதிலும் ஒரு தப்பும் தெரியவில்லை. நாலைந்து தடவை படித்தோம். பிறகு அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"வசந்தா, நீ தூரத்த எங்கருந்து அளக்கறே?"

"நடுவுலேருந்து. நடு பூஜ்யம், சுவர் நூறு."

அவள் என்னைப் பார்த்தாள். "நான் சுவத்துலருந்து. சுவரு பூஜ்யம்."

அவள் கணக்கில் சுவரை நோக்கி என்றால் கழித்தல் குறி. என் கணக்கில் கழித்தல் என்றால் நடுவை நோக்கி. அவள் சரியாக வெளியே அனுப்பிய காற்றை என் பகுதி அப்படியே வாங்கி உள்ளே அனுப்பியிருக்கிறது. ஒரே ஒரு குறி. அதற்காகத்தான் பதினைந்து வருஷத்துக் கனவை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனிதர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. மெஹர் தரையில் சாய்ந்து சிரித்தாள். மேலே அத்தனை ஊர்வலமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நயினார் தூணைவிட்டு நகர்ந்து வந்து கேட்டார்.

"ஜாதகம் பொருந்திச்சாம்மா?"

"இல்லீங்க," என்றாள் மெஹர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதுவரைக்கும் பொருந்தாததுக்குக் காரணம் தெரிஞ்சிடுச்சு."

தாளைச் சுருட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறும்போதுதான் அடுத்த கவலை வந்தது. தப்பு தெரிந்துவிட்டது. திருத்தினால் பதில் மாறுமா? வெப்ப இழுப்பை மறுபடி சேர்த்தால் அதுவே ஜெயித்து, இரும்பு பழையபடி உள்ளேதான் போகும் என்று வந்துவிட்டால்? கணினி திங்கள் காலைதான் கிடைக்கும். சார் அதற்குள் ரயிலில் இருப்பார். வெறுமனே "தப்பு இருக்கிறது சார்" என்று சொல்லி அனுப்ப எங்களுக்கு மனசு வரவில்லை.

"கையால போடலாம்," என்றாள் மெஹர். "நடுவுலருந்து சுவரு வரைக்கும் நூறு கட்டம் வேணாம். பத்து கட்டம் வச்சிக்கலாம். அப்பா கடைல மெஷின் இருக்குது."

மெஷின் என்றால், கைப்பிடி சுழற்றும் கணக்கு யந்திரம். அந்தக் காலத்துப் பெரிய கடைகளில் இருக்கும். எண்ணைப் பொத்தானால் அமைத்துவிட்டுக் கைப்பிடியை முன்பக்கம் சுற்றினால் கூட்டும், பின்பக்கம் சுற்றினால் கழிக்கும். பூஜ்யத்தைத் தாண்டினால் 'டிங்' என்று ஒரு மணி. கரீம் பாய் சூரத்திலிருந்து வரும் சரிகையின் எடைக்கணக்கை அதில்தான் போடுவார். ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை. கதவைப் பாதி சாத்தி, விரிப்பின்மேல் யந்திரத்தை நடுவில் வைத்து உட்கார்ந்தோம்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். சூத்திரம் என்னிடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று நான் எண்களைச் சொல்ல, மெஹர் பொத்தானை அமைப்பாள். கைப்பிடி சுற்ற ஆள் வேண்டும்.

"நான் சுத்தறேன்," என்று கரீம் பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எவ்ளோ வந்தா நல்லது? அதச் சொல்லு முதல்ல."

"நடுக் கட்டத்துல நம்பர் குறையணும்ப்பா," என்றாள் மெஹர். "ஏறினா கெட்டது."

"அவ்ளோதானே." அவர் சுற்ற ஆரம்பித்தார்.

முதல் சுற்றுக்கே வெகுநேரம் ஆயிற்று. பத்துக் கட்டத்துக்கும் காற்று, வெப்ப இழுப்பு, இரும்பு தானாகப் பரவுவது மூன்றையும் போட்டு முடித்து நடுக் கட்டத்துக்கு வந்தோம். தொடக்கத்தில் நூறு என்று வைத்திருந்தோம். நூற்று மூன்று வந்தது.

கரீம் பாய் முகம் வாடிவிட்டது. என் முகமும்தான். மெஹர் மட்டும் அசையவில்லை. "முதல் சுத்து எப்பவும் கொஞ்சம் ஆடும். போடு."

இரண்டாம் சுற்று, நூற்றொன்று. மூன்றாம் சுற்று, தொண்ணூற்றாறு.

அதற்குப் பிறகு எனக்கு நேரம் தெரியவில்லை. எண்ணைச் சொல்லச் சொல்ல என் குரல் வேகமாகிக்கொண்டே போனது. கைப்பிடிச் சத்தம் கேட்டு முற்றத்திலிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கரீம் பாய்க்குத் தோள் வலித்தது. கதவோரம் புத்தம்புது ஷெர்வானியில் நின்றிருந்த மணமகனைப் பார்த்தார்.

"மாப்ளே, நீங்க கொஞ்சம் சுத்துங்க. முன்னால ஏழு, பின்னால ரெண்டு. பேட்டி சொல்லும்."

ராணிப்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியாரான அந்தப் புது மாப்பிள்ளை, மறுபேச்சுப் பேசாமல் கையில் கட்டியிருந்த பூச்சரத்தை அவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். மாமனார் வீட்டில் அவர் செய்த முதல் வேலை அது. நன்றாகவே சுற்றினார்.

எண்பத்தொன்று. அறுபத்தெட்டு. ஐம்பத்தைந்து. ஒவ்வொரு சுற்று முடிவிலும் மெஹர் நடுக் கட்டத்து எண்ணைச் சத்தமாகப் படிப்பாள். வாசலில் நின்ற கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். எதற்காகக் குறைய வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் குறைகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மெஹரின் அம்மா டீ கொண்டுவந்தவர், கீழே வைக்க இடமில்லாமல் தட்டோடு நின்றுகொண்டே கேட்டார்.

"இன்னாதான் நடக்குது சொல்லேன்."

மெஹர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவுக்கு நிதானமாகச் சொன்னாள். "அம்மி, ஒரு அடுப்பு. அதுல இரும்புத்தூள் வந்து விழுது. விழுந்தா அணைஞ்சிடும். காத்து அடிச்சி அதை வெளிய தள்ளிடுமா இல்லையான்னு பாக்கறோம்."

"தள்ளுதா?"

"தள்ளுதும்மி."

அம்மா டீயை எல்லோருக்கும் கொடுத்தார். அப்புறம் முற்றத்தில் யாரோ உறவுக்காரப் பெண் உள்ளே என்ன கூட்டம் என்று கேட்டதற்கு, "எம் பொண்ணு அடுப்புல விழுற இரும்ப வெளிய தள்ளிக்கினு இருக்கா," என்று அவர் பதில் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு மெஹர் ஒரு எண்ணைத் தப்பாக அமைத்துவிட்டாள். அந்தச் சுற்றை மறுபடி போட வேண்டியதாயிற்று.

கடைசிச் சுற்றில் நடுக் கட்டத்தில் முப்பத்திரண்டு வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டோம். சாயங்காலமாகிவிட்டது. டிரங்க் கால் பதிவு செய்தோம். அவசரக் கால், கட்டணம் இரட்டிப்பு. என் பணத்தைக் கரீம் பாய் வாங்க மறுத்துவிட்டார். எக்ஸ்சேஞ்சிலிருந்து மணி அடிக்கும் வரை அந்த வீட்டில் யாரும் போனுக்கு அருகிலிருந்து நகரவில்லை.

சார்தான் எடுத்தார். டாக்சிக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். நான் மூச்சுவிடாமல் குறி மாறிய கதையைச் சொல்லி முடித்தேன்.

"யார் பகுதியில தப்பு?" என்றார்.

மெஹர் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "ரெண்டு பேரும் எழுதினது சரிதான் சார். சேர்த்த இடத்துலதான் தப்பு."

"திருத்தினா என்ன வருது?"

"பத்து கட்டம் வச்சி கையால போட்டோம் சார். நடுவுல இரும்பு மூணுல ஒரு பங்கா குறைஞ்சிருக்கு. இன்னும் குறைஞ்சிக்கினுதான் இருந்தது."

"பத்துக் கட்டக் கணக்கை எவ்வளவு நம்பலாம் மெஹருன்னிசா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அறையில் அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "நம்பர நம்பாதீங்க சார். திசைய நம்பலாம். நாளைக்கு முழுசா ஓட்டிட்டு உங்களுக்குத் தந்தி கொடுக்கறோம்."

பிறகு சார் சொன்னது எனக்கும் கேட்டது, அவ்வளவு சத்தமாகச் சொன்னார். "திசை போதும். நான் பேச வேண்டியதை ரயில்ல உட்கார்ந்து மாத்தி எழுதிக்கறேன்." மூன்று நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது.

திங்கள்கிழமை நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு மின்சார ரயிலே போகிறது, செங்கல்பட்டு வழியாக. பஸ்ஸைவிட மெதுவாகத்தான் போகும். ஆனால் ஜன்னல் சீட்டும் பாலாற்று ஓரமும் உண்டு. திருப்பருத்திக்குன்றத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் பூட்டிவிடுவார்கள், சாவி வைத்திருப்பவரைத் தேட வேண்டிவரும். கூரை ஓவியத்தைப் பார்க்க ஒரு துண்டு கொண்டுபோய்த் தரையில் விரித்துப் படுத்துக்கொள்வது உத்தமம். நான் அதைச் செய்தது நாலாவது பயணத்தில்தான். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மாகறல் சிவன் கோயிலுக்குப் போகலாம். திரும்பும்போது வாலாஜாபாத்திலிருந்து தென்னேரி ஏரிக் கரைக்கும் ஒரு நடை. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஏரி கடல் மாதிரி இருக்கும். ஊருக்குள் ஆட்டோவுக்கு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பட்டுக்கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வேலை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போகாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பூட்டிய அறைக்குள் அத்தனை மாதம் உட்கார்ந்து கேட்காத கேள்வியை, ஊர்விட்டு ஊர் வந்து, வேறொரு தரையில் முழங்காலிட்டபோதுதான் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் மெஹரும் என்னோடு கிளம்பினாள். ஒரு வாரம் லீவு பாக்கி இருந்தது. அவள் அம்மாவே, "போய் முடிச்சிட்டு வா," என்று சொல்லி, எண்ணெய்க் கத்திரிக்காயை ஒரு தூக்கில் போட்டுக் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வழியாக எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் நாலு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பஸ்ஸிலிருந்து நேரே கணினி அறைக்குப் போனோம். அந்தக் காலத்தில் நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு துளை அட்டை; அதில் ஒரே ஒரு அட்டையைப் புதிதாகத் துளையிட்டு மாற்றினோம், கழித்தல் இருந்த இடத்தில் கூட்டல். அட்டைக் கட்டு உள்ளே போயிற்று. அச்சு யந்திரம் இரையத் தொடங்கியதும் வெளியே வரும் தாளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கையால் போட்ட அளவுக்குக் குறையவில்லை. பாதியாகத்தான் குறைந்தது. சுவர்ப் பக்கம் சூடு அதிகமானால் வெப்ப இழுப்பு மறுபடி ஜெயிக்கும் என்றும் தெரிந்தது. அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு அடுத்த இரண்டு வருஷம் ஆயிற்று. ஆனால் அடுப்பு அணையவில்லை. கடைசிப் பக்கம் வரை எரிந்துகொண்டிருந்தது. "திசை சரி. முழு ஓட்டத்திலும் அடுப்பு பிழைக்கிறது," என்று டில்லிக்குத் தந்தி கொடுத்தோம். அந்தப் புதன்கிழமைக் கூட்டம் யந்திரம் கட்டலாம் என்று சொல்லிவிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொன்னது. அந்த வயதில் எங்களுக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை.

தந்தி ஆபீசிலேயே காஞ்சிபுரத்துக்கும் ஒரு கால் பதிவு செய்தாள் மெஹர். கடையில் கரீம் பாய்தான் எடுத்தார்.

"அப்பா, பெரிய மெஷினும் குறையுதுன்னுதான் சொல்லுது," என்றாள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் போனை என் காதில் வைத்தாள். அவர் எங்களோடு பேசிக்கொண்டிருக்கவே இல்லை. போனை மேசையில் வைத்துவிட்டு, முற்றத்தைப் பார்த்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.